மாமன் முடி

அம்மன் காலடியில் வெற்றிலை பரப்பி, அதன்மேல் கத்தியை வைத்திருந்தார்கள். மஞ்சள் தடவிக் குங்குமம் இட்டிருந்தது. ஒரே ஒரு கத்தி.

பிளேடு மாட்டுகிற கத்திதான். மானாம்பதிக் கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கும் தசரதன், புது பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து ஒரு பாதியை அதில் செருகினார். மீதிப் பாதி பெட்டிக்குள் போனது. கத்தியைப் பூசாரி வாங்கிப் போய் வெற்றிலைமேல் வைத்தார். நான் ஏரிக்கரைக் கோயிலின் தகரக் கொட்டகைக்கு வெளியே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தங்கை மகள் சஹானாவுக்கு அன்று முதல் மொட்டை. பதினோரு மாதக் குழந்தை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து இறக்க வேண்டும். மாமனுக்கும் மொட்டை உண்டு என்று செவ்வந்தி முன்பே சொல்லியிருந்தாள். அதற்காக ஒரு வாரமாக நானும் என் மனைவி சுபாஷ்ரீயும் பேசி ஒரு வழி செய்து வைத்திருந்தோம். காலையில் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் ஒரு பாக்கெட் பிளேடு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எனக்கு முடித்ததும் அதைத் தசரதனிடம் நீட்டி, பாப்பாவுக்குப் புதுசு போடுங்கள் என்று சொல்வது. சலூனில் எல்லோரும் சொல்வதுதான். யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

"ஒரு கத்திதானா?" என்று செவ்வந்தியிடம் கேட்டேன்.

அவள் குழந்தைக்குப் பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாயில் ஊக்கு. அதை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்கிட்ட சொல்லலியாண்ணா? வேண்டுதலே அதான். மாமன் முடியும் கொயந்த முடியும் ஒரே பிளேடுல எறக்குறேன்னு வேண்டிக்கினேன். நடுவுல மாத்தக் கூடாது. மாமன் முடி மொதல்ல கீழ வுழணும், அது மேல இவ முடி வுழணும்."

"எப்ப வேண்டிக்கின?"

"கல்யாணமாயி நாலாவது வர்சம். ஒருநாளு இவங்க வூட்ல கொயந்த இல்லன்னு ஒரே சண்ட. நேரா இங்க வந்து உக்காந்தேன். ஆத்தாவுக்குக் குடுக்க எங்கிட்ட இன்னா கீது? உன் தலதான் ஞாபகம் வந்துச்சு."

சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினாள். "மாமாவப் பாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல மாமா பூசணிக்கா."

நான் சுபாஷ்ரீயைத் தேடினேன். அவள் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வந்தி பேசியது அவளுக்கும் கேட்டிருந்தது.

*

ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன வருடம் கம்பெனியில் எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கு ஃபேட்டி லிவர், கிரேடு இரண்டு என்று எழுதி வந்தது. என் எடை ஐம்பத்தெட்டு கிலோ. "இந்த ஒடம்புல கொழுப்ப எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க?" என்று கூட வேலை செய்யும் தானியேல் காகிதத்தைக் கேண்டீன் முழுக்கக் காட்டினான். நானும் சிரித்தேன். நட, எண்ணெயைக் குறை என்று சொன்னார்கள். நடந்தேன்.

நான்கு மாதம் கழித்து ரத்ததான முகாம். இரண்டாவது வாரம் ரத்த வங்கியிலிருந்து போன் செய்து, நேரில் வரச் சொன்னார்கள். அங்கிருந்து காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி. ஹெபடைடிஸ் சி.

டாக்டர் கீதா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கல்லீரலை வரைந்தார். அதற்குள் புள்ளி புள்ளியாக வைத்தார்.

"இதுதான் உங்க ஸ்கேன்ல தெரிஞ்ச கொழுப்பு. நீங்க குடிக்கறதில்ல, சர்க்கரை இல்ல, குண்டும் இல்ல. அப்ப கொழுப்பு எங்கேருந்து வந்துச்சு? இந்த வைரஸ்ல ஒரு வகை இருக்கு, அதுவே கல்லீரல்ல கொழுப்பைச் சேர்க்கும். உங்களுக்கு இருக்கறது அந்த வகை. கிருமியும் கொழுப்பும் ஒண்ணா இருந்தா கல்லீரல் சீக்கிரம் தழும்பாகும். நல்லவேளை, இப்பவே வந்துட்டீங்க."

பன்னிரண்டு வாரம் மாத்திரை. பணம் கட்ட வேண்டியதில்லை. தினம் ஒன்று, தவறக் கூடாது. தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. ரத்தம் ரத்தத்தோடு சேர்ந்தால்தான். பிளேடு, பல் தேய்க்கும் பிரஷ், நகவெட்டி மூன்றும் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னார். கழுவிவிட்டால் போயிற்று என்று நினைக்காதீர்கள் என்றார். அதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

சுபாஷ்ரீக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு இல்லை. பஸ்ஸில் திரும்பி வந்தோம். திருப்புலிவனம் நிறுத்தம் தாண்டியதும் அவள் சொன்னாள்.

"ஃபேட்டி லிவர்னே எல்லார்கிட்டயும் சொல்லிடலாம். பொய் இல்லியே."

பொய் இல்லைதான். அந்த வார்த்தையில் யாருக்கும் பயமும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறவனுக்கு வருவது என்று எடுத்துக்கொண்டார்கள். செவ்வந்தியின் மாமனார் வேதாசலம், "எனுக்கும் கீது, எம் மவனுக்கும் கீது" என்று சொந்தத்தில் சேர்த்துக்கொள்வதுபோலச் சொன்னார்.

அவருக்குத்தான் நான் பயந்தேன். அவருடைய தம்பிக்கு டி.பி. வந்தபோது அந்த வீட்டில் தம்பியின் டம்ளரை மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்திருந்தார்கள். நோய் குணமான பிறகும் டம்ளர் உள்ளே வரவில்லை. கல்யாணமாகிப் போன முதல் மாதம் செவ்வந்தி அதைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் அம்மாவிடம் சொன்னாள். அப்புறம் அவளுக்கு எட்டு வருடம் குழந்தை இல்லை. "உங்க வூட்டு ரத்தமே சரியில்ல" என்று அந்த வீட்டில் அவளைச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ரத்தத்தில் கிருமி என்று நான் போய் நின்றால் அவர்கள் அடுத்து அவளைத்தான் பார்ப்பார்கள். அவளைப் பார்த்தபின் குழந்தையை.

அதனால் சொல்லவில்லை. எனக்குப் பேசாமல் இருப்பது எப்போதும் சுலபம்.

அன்று மாத்திரை தொடங்கி ஐந்தாவது வாரம் முடிந்திருந்தது. கிருமி இந்நேரம் போயிருக்கலாம். நிறையப் பேருக்கு நான்கைந்து வாரத்திலேயே ரத்தத்தில் தென்படாமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மாத்திரை முடித்து மூன்று மாதம் கழித்து எடுக்கிற டெஸ்டில்தான் உறுதி என்றும் சொல்லியிருந்தார். கொட்டகையின் வாசலில் நின்றபோது முதலில் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன்.

*

"மாமன்காரன் எங்க? வெயில் ஏறுது பாரு" என்று வேதாசலம் கூப்பிட்டார். எழுபதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு.

"மாமா, பாப்பாக்கு மொதல்ல எறக்கிடலாமே" என்றேன். "கொழந்த தூங்கற நேரம். அப்பறம் அழும்."

"அழுதா அழட்டும்யா. மாமன் முடி வுழாம கொயந்த முடி எப்படி வுழும்? வேண்டுதல் உந்தங்கச்சிது, நான் ஒண்ணும் இட்டுக்கட்டல."

அவருடைய அக்கா உண்ணாமலை வாய்விட்டுச் சிரித்தாள். "மாமனுக்கு முடி மேல ஆசப்பா. மொட்ட அடிச்சா கம்பெனில எவளும் பாக்க மாட்டாளுங்கோன்னு பயம்."

எல்லோரும் சிரித்தார்கள். சுபாஷ்ரீ சிரிக்கவில்லை. நான் மணையில் உட்கார்ந்தேன்.

தசரதன் தலையை நனைத்துத் தேய்த்தார். பூசாரி கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். நெற்றியிலிருந்து பின்னால் முதல் இழுப்பு. மடியில் விரித்திருந்த மஞ்சள் துணியில் முடி விழுந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் நெல் அறுக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெட்டுப்படாமல் முடிந்துவிட்டால் போதும். ரத்தமே வராவிட்டால் பயமில்லை. அப்படி நினைத்துக்கொண்டேன். தெரியாத கீறல் இருக்கும் என்பது தெரிந்தும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இடது காதுக்குப் பின்னால் சுருக்கென்றது.

"ஒண்ணுமில்ல தம்பி, ஒரு மச்சம் இருந்துச்சு, கவனிக்கல" என்றார் தசரதன். கட்டை விரலால் அழுத்தினார். சூடாக ஏதோ கழுத்தில் இறங்கியது. மக்கில் கத்தியை அலசினார். மக்குத் தண்ணீர் இளஞ்சிவப்பாகி, பிறகு நிறம் தெரியாமல் கலந்தது. அதே கத்தியால் மீதியை முடித்தார்.

"போட்டாச்சு. கொயந்தைய குடுங்கம்மா."

செவ்வந்தி சஹானாவை என் மடியில் உட்கார வைத்தாள். குழந்தை என் மொட்டைத் தலையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியது. அதன் கையைப் பிடித்து இறக்கினேன். தசரதன் அதே மக்கிலிருந்து தண்ணீர் எடுத்துக் குழந்தையின் தலையில் ஊற்றினார். மெல்லிய முடி, ஒட்டிப்போய், உச்சிக்குழி துடிப்பது தெரிந்தது.

கத்தி வந்தது. நான் தசரதனின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"பிளேட மாத்துங்க."

அவர் புரியாமல் பார்த்தார்.

"மாத்துங்கண்ணா." சட்டைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். "எந்தலையில பொடுகு கீது. படையும் கீது. பாப்பாவுக்கு ஒட்டிக்கும்."

"இன்னா தம்பி நீ? இப்பதான முழுத் தலையும் பாத்தேன். ஒரு பொட்டு கெடையாது. முப்பது வர்சமா தலையத்தான பாத்துக்கினு கீறேன்."

"அண்ணா, மாத்தக் கூடாதுண்ணா" என்றாள் செவ்வந்தி. அவள் குரல் இன்னும் சாதாரணமாகத்தான் இருந்தது. "சொன்னேன்ல?"

"டெட்டால் கீது, ஊத்திக்கிறேன்" என்று தசரதன் பெட்டியைத் திறந்தார். மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கத்தியை அதில் தோய்த்து எடுத்தார். வாசனை பரவியது. "போதுமா? இதுக்கு மேல எந்தக் கிருமியும் இருக்காது."

"அவ்ளோதான், ஆரம்பிப்பா" என்றார் வேதாசலம்.

நான் மணிக்கட்டை விடவில்லை.   செவ்வந்தியின் கணவன் ஏகாம்பரம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் கையை இறக்கினான்.

"இன்னா மச்சான்?"

"ஃபேட்டி லிவர்க்காரனுக்கும் பிளேடுக்கும் இன்னா சம்மந்தம்?" என்றார் வேதாசலம். "வெட்டுப் பட்டதுல பயந்துட்டியா? வாயத் தொறந்து சொல்லுய்யா."

சுபாஷ்ரீ ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று தெரிந்தது. அவளைச் சொல்ல விடக் கூடாது என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"எனக்கு ரத்தத்துல கிருமி கீது. ஹெபடைடிஸ் சி. ஃபேட்டி லிவர் அதனால வந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கினு கீறேன். இந்த பிளேடு பாப்பா மேல படக் கூடாது."

*

உண்ணாமலை புடவைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டு நகர்ந்தாள். பின்னாலிருந்து யாரோ மெதுவாக, "எய்ட்ஸா?" என்றார்கள்.

"அது இல்ல. இது வேற" என்றாள் சுபாஷ்ரீ.

"கொயந்தைய எடு" என்றார் வேதாசலம். ஏகாம்பரம் குழந்தையை என் மடியிலிருந்து தூக்கினான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மடி ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில் என் முடி ஒட்டியிருந்தது.

"பொங்கலுக்கு வந்தப்ப எங்க வூட்ல சாப்ட்டியே. கொயந்தைக்கு முத்தங்குடுத்துக்கினு இருந்தியே."

"அதுல வராது மாமா."

"நீ டாக்டரா?"

"டாக்டர்தாங்க சொன்னாங்க" என்றாள் சுபாஷ்ரீ. "எனக்கே இல்ல. கூடவேதான கீறேன்?"

"வராதுன்னா ஏன் மறைச்சீங்கோ? நல்ல விசியமாச்சே, சொல்லிக்கினே வந்திருக்கலாமே. ஃபேட்டி லிவராம், ஃபேட்டி லிவர். நானும் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன்."

 அதற்கான பதில் அவருடைய மாட்டுக்கொட்டகைச் சுவரில் இருந்தது.

"இதுக்குத்தான் மாமா" என்றாள் செவ்வந்தி. "இப்ப கேக்கறீங்களே, இதுக்குத்தான் அண்ணன் சொல்லாம இருந்திருக்கும்."

வேதாசலம் மருமகளைப் பார்த்தார். அவள் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்கமாட்டார்.

தசரதன் கத்தியைத் தரையில் வைத்துவிட்டுத் தன் வலது கைக் கட்டை விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வெட்டை அழுத்திய விரல். ஓரத்தில் பழைய கீறல்கள்.

"தம்பி, எங்கையில பட்டுச்சே. எனுக்கு வந்துடுமா?"

"வரணும்னு இல்லண்ணா. ஆனா டெஸ்ட் பண்ணிக்கணும். சோப்பு போட்டு இப்பவே கழுவுங்க. நான் கூட்டிக்கினு போறேன்."

அவர் அடிபம்பை நோக்கி எழுந்து போனார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சுபாஷ்ரீ தன் கைக்குட்டையை மடித்து என் காதுக்குப் பின்னால் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். செவ்வந்தி என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எப்படி வந்துச்சு உனக்கு?"

"தெரியல. டாக்டரு கேட்டாங்க. ஆபரேசனா, ரத்தம் ஏத்துனாங்களா, பச்ச குத்துனியான்னு. எதுவும் இல்ல. சின்னப் புள்ளைல ஊசி போட்டது ஒண்ணுதான்."

"எந்த ஊசி?"

"நான் மூணாவது படிக்கறப்ப. ஊரே காய்ச்சல்ல கெடந்துச்சே. சைக்கிள்ல ஒருத்தர் வருவாரு, எவர்சில்வர் டப்பாவுல ஊசி வெச்சிக்கினு, வூடு வூடா."

டாக்டரிடம் இதைச் சொன்னபோது என் நினைவில் அந்தச் சைக்கிள் இருந்தது, டப்பா இருந்தது, என் கை இருந்தது. வேறு யாரும் இல்லை. இப்போது செவ்வந்தியின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நினைவுக்குள் இன்னொரு குழந்தையும் வந்தது.

"நான் கட்டிலுக்கடியில ஓடிப் பூந்துக்கினேன்" என்றாள். "அம்மா இழுத்து வெளிய வுட்டாங்க. அண்ணனப் பாரு, அழாம போட்டுக்கறான் பாருன்னு உனக்கு மொதல்ல போட வெச்சாங்க. அப்பறம் எனக்கு."

நான் அவளைப் பார்த்தேன்.

"அதே ஊசி" என்றாள். "டப்பாவுல ஒண்ணுதான் இருந்துச்சு."

 பொங்கல் பானையில் நுரை வழிந்து அடுப்பில் சீறியது. ஒருவரும் அதை எடுக்கப் போகவில்லை.

"எனக்குந்தான் கல்யாணத்துக்கப்பறம் எத்தன டாக்டரு பாத்தாங்க" என்றாள். "பிரசவத்துக்கு முன்னாடி எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்களே. அதுல இது வந்திருக்கும்ல?"

"அதுல இது உண்டான்னு எனக்குத் தெரியலம்மா."

"எப்ப தெரிஞ்சிச்சு உனக்கு?"

"அஞ்சு வாரம் ஆச்சு. ஆறு."

"ஆறு வாரமா எங்கிட்ட சொல்லல."

"உன்ன எதனா சொல்லுவாங்கன்னு..."

"நான் பால் குடுத்துக்கினு கீறேன்ணா."

அவள் கத்தவில்லை. சொல்லிவிட்டு மூச்சை இழுத்தாள். அவளைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று ஆறு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தது அந்த மணையிலேயே நின்றுபோனது. 

"கேட்டியாடா?" என்றார் வேதாசலம் மகனிடம். "நான் அன்னிக்கே சொன்னேன், அந்த வூட்டு ரத்தம்..."

"நைனா" என்றான் ஏகாம்பரம். 

"மொட்ட இன்னிக்கு கெடையாது. பானைய எறக்கு. கெளம்புங்க எல்லாரும்."

பூசாரி தயங்கியபடி, தலையை நனைத்துவிட்டால் இறக்காமல் போகக் கூடாது என்றார். வேதாசலம் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

செவ்வந்தி எழுந்தாள். புடவையில் ஒட்டியிருந்த முடியைத் தட்டினாள்.

"வேண்டிக்கினது நானு" என்றாள். "இங்க தனியா உக்காந்து வேண்டிக்கினேன். அன்னிக்கி யாரும் கூட வரல. அதனால எந்த பிளேடு, எந்தக் கத்தின்னு நான் சொல்றேன். தசரதண்ணே, வேற கத்தி கீதா?"

தசரதன் அடிபம்பிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "கடைல போடறது ஒண்ணு கீது."

"அத எடுங்கோ. புது பிளேடு போடுங்கோ. மக்கும் வேற, தண்ணியும் வேற. இதெல்லாம் அப்படியே பேப்பர்ல சுத்தித் தூரப் பொதைச்சுடுங்க." பிறகு என்னைப் பார்க்காமல், "அண்ணா, அந்தத் துணிய மாத்திக்கினு உக்காரு" என்றாள்.

"செவ்வந்தி" என்றார் வேதாசலம்.

"ஆத்தா என்ன எதனா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன் மாமா."

குழந்தை ஏகாம்பரத்தின் தோளில் இருந்தது. அவன் அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்றான். ஒரு பக்கமும் நகரவில்லை. இருபத்தைந்து பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்படிப்பட்ட நேரங்களில் அவன் எப்போதும் வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுகிறவன் என்று செவ்வந்தி சொல்லியிருக்கிறாள். அவன் கை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. அது அழவே இல்லை என்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"மச்சான்" என்றான் கடைசியில். "மடியில உக்கார வெச்சா ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆவாது மாப்ள."

"நிச்சயமா?"

"நிச்சயமா. எங்காயத்தக் கட்டியாச்சு. கையில எதுவும் இல்ல, பாரு." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். உள்ளங்கை, புறங்கை, நகங்கள். அவன் பார்த்து முடிக்கும்வரை கைகளை நீட்டியபடியே இருந்தேன். பிறகு குழந்தையை என் மடியில் வைத்தான்.

வேதாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைமேல் ஏறிப் போனார். கூட இருவர் போனார்கள். உண்ணாமலை போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

தசரதன் புது பிளேடை ஒடித்தார்.  ஒருமுறை நிறுத்தி, கையை உதறிவிட்டு மறுபடியும் எடுத்தார். செவ்வந்தி எதிரே மண்டியிட்டுக் குழந்தையின் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் அதன் இடுப்பைப் பிடித்திருந்தேன். கத்தி பட்டதும் சஹானா அழத் தொடங்கினாள். உடம்பை வில்லாக வளைத்தாள். ஒவ்வோர் இழுப்புக்கும் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். உச்சியில் சுற்றிவந்து, காதை மடக்கிப் பிடித்து, பிடரியில் இறங்கி, ஒரு நூல் பிசகாமல் அவர் முடிக்க எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

முடி புதுத் துணியில் விழுந்தது. என்னுடையதோடு சேரவில்லை.

"ஆச்சு" என்றார் தசரதன்.

கரைமேலிருந்து வேதாசலத்தின் குரல் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ரத்தம் வந்துச்சா?"

"இல்ல பெரியவரே" என்றார் தசரதன். "ஒரு சொட்டு வரல."

 வேதாசலம் அங்கேயே நின்றார்.

சந்தனம் பூசக் குழந்தையைத் தூக்கக் குனிந்தபோது செவ்வந்தி என் காதருகில் கேட்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தன மணிக்குப் போவணும்?"

"ஏழு மணி பஸ்ஸுக்குப் போனா ஓ.பி.ல சீக்கிரம் சீட்டு வாங்கிடலாம்."

"இவளையும் எடுத்துக்கினு வர்றேன்" என்றாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அழுகையை அடக்கத் தட்டிக்கொண்டே, பால் கொடுக்கக் கொட்டகைக்குப் பின்னால் நடந்தவள், பாதி வழியில் நின்றாள். குழந்தை அவள் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"குடுக்கலாமா?"

அதை நான் டாக்டரிடம் கேட்டிருக்கவில்லை. சுபாஷ்ரீ போனை எடுத்து டாக்டர் நம்பரைத் தேடிக்கொண்டே என்னைத் தாண்டி அவளிடம் ஓடினாள்.